கேட்டு எழுதிய பிள்ளைகள்

ஈப்போவை நோக்கி

கோலாலம்பூரை விட்டு ரயில் வடக்கே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கட்டடங்கள் ஓய்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மரம், ஒரே வரிசை, ஒரே கரும்பச்சை. இந்த மண்ணில் ஒரு காலத்தில் ரப்பர் நின்றது. தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் காடு வெட்டி, கன்று ஊன்றி, பால் வெட்டி ஆளாக்கிய தோட்டங்கள் இவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்தது. தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்கள் காலியாகின. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தவர்கள் பட்டணத்து ஓரங்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“தம்பி தமிழ்நாடா? எந்தப் பக்கம்?”

“கோவில்பட்டிங்க ஐயா.”

“எங்கப்பா துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாரு. அங்க எந்தக் கிராமம்னு தெரியாது. அவரு இருந்தப்ப கேக்கத் தோணல. இப்ப கேக்கறதுக்கு ஆளில்ல.”

அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, பிறகு லாரி ஓட்டியவர். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று கேட்டார். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு எழுத்தும் ஓவியமும் சேர்ந்த போட்டி ஒன்று நடக்கிறது, நடுவர்களில் ஒருவனாக வரச்சொல்லி அங்குள்ள தமிழாசிரியை ஒருவர் அழைத்திருக்கிறார் என்றேன். பெரிய அமைப்பு எதுவும் அதன் பின்னால் இல்லை. சில ஆசிரியர்களும் பெற்றோர்களும் கைக்காசு போட்டு நடத்துவது. பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். நிபந்தனை ஒன்றுதான்: எழுபது வயதைத் தாண்டிய ஒருவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சொன்னதைக் கட்டுரையாக எழுதவேண்டும், அல்லது படமாக வரையவேண்டும்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நல்ல காரியம் செய்றாங்க,” என்று மட்டும் சொன்னார். தாப்பாவில் இறங்கும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஈப்போ நெருங்கும்போது நிலத்தின் முகம் மாறுகிறது. சமவெளியிலிருந்து சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. தலையில் அடர்ந்த காடு, உடம்பில் வெள்ளையும் சாம்பலும் துருச்சிவப்புமாக வரிகள். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கழுகுமலை மொட்டைப்பாறை; வெயிலில் காய்ந்து கிடக்கும். இங்குள்ள குன்றுகளுக்குள் மழைநீர் பாறையைக் கரைத்துக் குகை குகையாகக் குடைந்து வைத்திருக்கிறது.

பழைய ஈப்போ

ஈப்போ ரயில் நிலையம் 1917-ல் கட்டி முடிக்கப்பட்டது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக்தான் இதற்கும் வரைபடம் போட்டவர். வெள்ளைக் கும்மட்டமும் வளைவுகளும் உள்ள அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் பழைய நகரம். கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயத்தால் பணக்கார ஊராக இருந்து, வெள்ளீயத்தின் விலை விழுந்ததும் ஓய்ந்துபோன தெருக்கள். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் சீனர் கட்டடங்களில் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது.

அந்தச் சுவர்களில்தான் ஓவியங்கள் வந்திருக்கின்றன. 2014-ல் லிதுவேனியா நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் இங்கே வரிசையாகச் சுவரோவியங்கள் வரைந்தார். கோப்பையை உயர்த்திக் காப்பி குடிக்கும் ஒரு முதியவர், பிளாஸ்டிக் பைகளில் கட்டித் தொங்கும் காப்பி, காகித விமானத்தில் ஏறிய பிள்ளைகள். காப்பி குடிக்கும் முதியவரின் முன்னால் நான் நின்றபோது பள்ளிச் சீருடையில் நான்கைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் மட்டும் படம் எடுத்துக்கொள்ளாமல் சுவருக்கு அருகே போய், முதியவரின் விரல்களுக்கு எப்படி நிழல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாலான் மஸ்ஜிட் பக்கத்தில் இன்னொரு சந்து இருக்கிறது. அங்குள்ள ஓவியங்களை வரைந்தவர் உள்ளூர் ஓவிய ஆசிரியர் எரிக் லாய். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாருடைய அன்றாடமும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தச் சந்து முழுவதையுமே வகுப்பறை ஆக்கியிருக்கிறார்.

ஈப்போவையும் ஓவியத்தையும் சேர்த்துப் பேசினால் லாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. மலேசியாவே கொண்டாடும் கேலிச்சித்திரக்காரர். இயற்பெயர் முகமட் நோர் காலிட். 1951-ல் ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஈப்போவில் படித்தவர். தொடக்கப்பள்ளியில் மொய்ரா ஹியூ என்ற ஆசிரியை இந்தப் பையனுடைய கையைக் கவனித்தார். வகுப்பில் படம் போடாதே என்று அதட்டாமல், பாடங்களுக்குப் படம் வரையச் சொல்லி அவனைப் பயன்படுத்திக்கொண்டார். பதின்மூன்று வயதில் அவருடைய முதல் படக்கதை அச்சில் வந்துவிட்டது. 1979-ல் வந்த ‘கம்போங் பாய்’ என்ற படக்கதையில் அவர் வரைந்தது தன் கிராமத்தை, தன் அப்பாவை, அம்மாவை, ஓதப்போன பள்ளியை, கிராமத்தைச் சூழ்ந்துவந்த வெள்ளீயச் சுரங்கத்தை. தன் வீட்டை வரைந்த படங்களால் உலகம் அறிந்த கலைஞரானார்.

ஒரு சீனர் கடையில் வெள்ளைக் காப்பி குடித்தேன். கொட்டையை மார்ஜரினோடு வறுத்து, கெட்டிப்பால் ஊற்றித் தருகிறார்கள். எங்கள் ஊர் பில்டர் காப்பியின் கசப்பு இதில் இல்லை. வறுவலின் வெண்ணெய் மணம் தொண்டையில் வெகுநேரம் நிற்கிறது.

புந்தோங்

ஈப்போவில் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதி புந்தோங். தெருவில் நடந்தால் காதில் விழுவது தமிழ்தான். புந்தோங்கில் ஒரு குடியிருப்புக்குக் கச்சாங் பூத்தே (கடலைப் பலகாரம்) கிராமம் என்றே பெயர். அங்கே வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி. கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, தட்டை, காரக்கலவை. இந்தத் தொழிலைத் தொடங்கியவர்கள் எட்டயபுரத்திலிருந்து வந்தவர்கள். கோவில்பட்டியிலிருந்து பேருந்து ஏறினால் சீக்கிரம் போய்விடக்கூடிய எட்டயபுரம்!

கடையில் இருந்த அம்மாவிடம் என் ஊரைச் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, அப்ப எங்க மாமனார் ஊருக்குப் பக்கத்து ஊராச்சே! எட்டயபுரத்துல இப்ப மழை எப்படிண்ணே?”

“கரிசக்காடுதானேம்மா. பேஞ்சா உண்டு.”

அவர் எட்டயபுரத்தைப் பார்த்ததில்லை. அவருடைய கணவரும் பார்த்ததில்லை. மாமனார் தலையில் தட்டு வைத்துக்கொண்டு ஈப்போவின் சினிமாக் கொட்டகை வாசல்களில் கடலை விற்றதை மட்டும் குடும்பமே அறியும். காசு வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்ததும் இன்னொரு பொட்டலம் ஓமப்பொடியைப் பையில் திணித்தார். அவருடைய மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். குனோங் ராபாட் போட்டிக்குத் தாத்தாவைப் பற்றி எழுதப்போகிறாள் என்று தெரிந்தது. “தெனமும் அவர்கிட்ட கேள்வி கேட்டு உசிர வாங்குறா. அவருக்கு உள்ளூர சந்தோஷம்,” என்றார் அம்மா.

எங்கள் கரிசல் மண்ணுக்கும் மலாயாவின் இளம் எழுத்தாளர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி 1952-ல் கோலாலம்பூருக்குப் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றினார். 1957 வரை அங்கே இருந்தார். இலக்கிய வட்டம் கூட்டி, எழுத வந்த இளைஞர்களின் கதைகளை அவர்கள் முன்னாலேயே படித்து, எது கதை, எது கதையாகவில்லை என்று எடுத்துச் சொன்னார். அவருக்கு முன்பே அதே பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே பாடம், பயிற்சி, தேர்வு. ‘தமிழ் முரசு’ கோ. சாரங்கபாணி 1950களில் மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கிப் பள்ளிப்பிள்ளைகளை எழுதவைத்தார். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலிருந்து நடத்தும் ‘பேரவைக் கதைகள்’ சிறுகதைப் போட்டி இன்றும் புதிய கைகளைத் தேடிப் பிடிக்கிறது. மலேசியத் தமிழ் இலக்கியத்தை வளர்த்ததில் பதிப்பகங்களுக்கு இருந்த பங்கைவிடப் போட்டிகளுக்கு இருந்த பங்கு பெரிது. 1924-ல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-ல் நின்றுபோனது. பத்திரிகை செய்துவந்த வேலையை இப்போது சின்னச் சின்ன ஊர்க்குழுக்கள் தோளில் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

குனோங் ராபாட்

குனோங் ராபாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்று. சாம் போ தோங், கேக் லோக் தோங் போன்ற சீனக் குகைக்கோயில்கள் இந்தக் குன்றுகளின் வயிற்றில் இருக்கின்றன. கேக் லோக் தோங்கில் குகையின் ஒரு வாயில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் குளமும் தோட்டமும் மலைச்சுவரும். சாலையோரக் கடைகளில் தம்புன் பம்ளிமாஸ் பழங்களை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சில குன்றுகளின் ஒரு பக்கம் கல்லுடைப்பால் வெட்டுப்பட்டு, பச்சையில்லாமல் வெள்ளையாக நிற்கிறது.

ஊருக்குள் சீனர் புதுக்கிராமம் இருக்கிறது. இங்கே ஹியோங் பியா என்ற ரொட்டி பேர்போனது. உள்ளே மால்ட் பாகும் வெங்காயமும் வைத்து, மேலே எள் தூவி, அடுப்பின் உட்சுவரில் ஒட்டித் தேங்காய் மட்டை நெருப்பில் சுடுகிறார்கள். கடித்தால் மேல் ஏடு ஏடாக உதிர்கிறது, உள்ளே பாகு இழுபடுகிறது.

போட்டி நடந்தது ஒரு சின்ன மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகளும் மடக்கு மேசைகளும் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு மேசையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களும், பால் சேர்க்காத தேநீரான தே ஓ கலனும். பிள்ளைகளோடு அவர்கள் பேசிய பெரியவர்களும் வந்திருந்தார்கள். சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலிகளில் பாட்டிகள், தாத்தாக்கள். நம் ஊர்ப் போட்டிகளில் பெற்றோர் வெளியே மரத்தடியில் நிற்பார்கள். இங்கே யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர் கண்முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சாப்மன் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறது. நாஜி இனப்படுகொலையில் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டு, அதிலிருந்து ஓவியமோ கவிதையோ உரைநடையோ குறும்படமோ செய்யவேண்டும். அதைப் பற்றிப் படித்தபோதுதான் இந்த யோசனை வந்தது என்றார் ஆசிரியை. “நம்ம பெரியவங்களும் வாக்குமூலம் வச்சிருக்காங்க சார். நாம உட்கார்ந்து கேட்டதில்ல,” என்றார்.

நடுவர்களுக்கு அவர் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட்டார். “எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காதீங்க. பாட்டி சொன்னது அதுல இருக்கான்னு பாருங்க.” நடுவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு இதில் உடன்பாடில்லை. “ணகர னகரம் தெரியாம எழுதறதை ஊக்குவிக்கலாமாம்மா?” என்றார். ஆசிரியை அமைதியாகவே பதில் சொன்னார். மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, எல்லாம் தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே தமிழ் ஒரு பாடம்தான், அதுவும் ஆசிரியர் இருந்து, போதுமான பிள்ளைகள் சேர்ந்தால். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எடுக்க ஒரு பிள்ளை பள்ளிநேரம் முடிந்தபின் தனி வகுப்புக்கு ஓடவேண்டியிருக்கிறது. “இப்படி ஓடி வர்ற பிள்ளைய நான் முதல்ல எழுதவைக்கணும் ஐயா. திருத்தம் அப்புறம் கத்துக்கொடுத்துக்கலாம்,” என்றார். தலைமையாசிரியர் யோசித்துவிட்டு, பரிசு முடிவானபின் ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் பிழைகளைப் பென்சிலால் தானே திருத்திக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டார். அப்படியே மாலைவரை உட்கார்ந்து திருத்தவும் செய்தார்.

எழுத்துப் பிரிவில் என் கைக்கு வந்த தாள்களில் ஒன்று ஒரு பையனுடையது. அவன் பேசியது தன் கொள்ளுத்தாத்தாவோடு. ஜப்பான்காரன் காலத்தில் அவர் சின்னப் பையன். அவருடைய அண்ணனைச் சயாம் ரயில்பாதை போடக் கூட்டிப்போனார்கள். 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் சென்ற தமிழர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகம் அதை ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலாக எழுதியிருக்கிறார். இந்தப் பையன் அந்த நாவலைப் படித்ததில்லை. அவன் எழுதியது இதுதான்: அரிசி கிடைக்காமல் அவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்; துணி இல்லாமல் கோணியை உடுத்தினார்கள்; இன்றுவரை அவர்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு சமைப்பதில்லை. தாத்தாவுக்குப் பிடிக்காது என்றுதான் அவன் நினைத்திருந்தான். ‘பிடிக்காததுக்குக் காரணம் இருக்குன்னு இப்பதான் தெரியும்’ என்று முடித்திருந்தான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, மேற்கோள் இல்லை. இரண்டே பக்கம்.

இன்னொரு பையனுக்குத் தாத்தா பாட்டி யாரும் உயிரோடில்லை. அவன் பக்கத்துத் தெருவில் ஹியோங் பியா சுடும் சீனப் பெரியவரிடம் போய் மலாயில் பேசி, தமிழில் எழுதியிருந்தான். அடுப்புக்குள் கையை விட்டு ஒட்டி ஒட்டி அவருடைய முன்கையில் முடியே முளைப்பதில்லை என்ற வரி அதில் இருந்தது. போட்டியின் நோக்கத்துக்கு இது பொருந்துமா என்று நடுவர்களுக்குள் பேச்சு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பரிசு கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்றேன். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஓவியப் பிரிவில் படிவம் நான்கில் படிக்கும் ஒரு பெண்ணின் தாள் என்னை நிறுத்தியது. இருட்டு. தலையில் கட்டிய விளக்கின் வெளிச்ச வட்டத்துக்குள் ஒரு மரத்தின் பட்டையும் ஒரு கையும் மட்டும். முகம் இல்லை. கை உளியைப் பிடித்திருக்கிறது. பட்டையில் இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டு, அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு. தாள் முழுக்கக் கரித்துண்டால் கறுப்பேற்றியவள், பால் ஓடும் கோட்டை மட்டும் வரையாமல் தாளை அப்படியே விட்டிருந்தாள். வெற்றுத் தாளின் வெண்மைதான் பால்.

“இதை எப்படிம்மா யோசிச்சே?” என்று கேட்டேன்.

“பாட்டிதான் சார் சொன்னாங்க. உளி ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலோட்டமாப் போனா பால் வராது. கை ஆடக்கூடாதாம். அதான் அந்தக் கோட்டை நான் தொடவே இல்ல.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த பாட்டியைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினாள். பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மங்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டணும்டி,” என்றார். அந்தப் பெண் உடனே பென்சிலை எடுத்து, தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டாள்.

சுங்கை சிப்புட்

மறுநாள் ஆசிரியை காரில் என்னையும் கரித்துண்டால் வரைந்த அந்தப் பெண்ணையும் அவளுடைய பாட்டியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் போனார். பாட்டி பால் வெட்டிய தோட்டம் அங்கேதான் இருந்தது. 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலச் சட்டம் 1960 வரை நீடித்தது. பெரிய தோட்டங்களை வெள்ளைக்காரர்கள் விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலமும் அதை ஒட்டியதுதான். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகப் பங்குப்பணம் திரட்டி, 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்களே தோட்டத்தை வாங்கிய வரலாறு அது. பேத்திக்கு அவருடைய பெயர் தெரியும். பாட்டியோ அவரை நேரில் பார்த்திருக்கிறார். “வேட்டி கட்டிக்கிட்டுப் பெரட்டுக் களத்துல நின்னு பேசுனாரு. எங்கம்மா முந்தியில முடிஞ்சு வச்சிருந்த காசை எடுத்துக் கொடுத்துச்சு,” என்றார். பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்களைக் கூட்டி ஆள் கணக்கெடுப்பது. பேத்தி கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டே வந்தாள்.

தோட்டம் இருந்த இடத்தில் செம்பனை. லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பட்டணத்துக்குப் போனவர்கள் ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்குக் கூடுகிறார்களாம். பாட்டி கோயிலிலிருந்து அடியெடுத்து நடந்து, ஒரு செம்பனையின் அருகே நின்று, “இங்கதான் எங்க வீட்டு அடுப்படி,” என்றார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டேன். கோயிலுக்குக் காலையில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது சின்ன வயதில் அவருடைய வேலையாம். அந்தத் தூரம் காலுக்குத் தெரியும் என்றார்.

அங்கிருந்து கோலகங்சாருக்குப் போனோம். 1877-ல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளை அங்கே நட்டார்கள். அவற்றில் ஒன்று மரமாகி, வேலிகட்டிக் காப்பாற்றப்பட்டு, இன்னும் நிற்கிறது. மலாயாவின் ரப்பர்க் காடுகளுக்கெல்லாம் மூத்த மரங்களில் ஒன்று. பேத்தி மரத்தைப் பார்த்தாள். பாட்டி அதன் பட்டையைப் பார்த்தார். “இதுல எத்தனை பேரு உளி வச்சிருப்பாங்களோ,” என்றார். மரத்துக்கு விவரப்பலகை இருக்கிறது. பால் வெட்டிய கைகளைப் பற்றி அதைப்போல எழுதிவைக்கிற வேலையைத்தான் குனோங் ராபாட்டின் பிள்ளைகள் தொடங்கியிருக்கிறார்கள்.

கோவில்பட்டி

ஊர் திரும்பியதிலிருந்து ஒன்றே மனதில் ஓடுகிறது. போட்டிகளுக்கு நம்மிடம் குறைவில்லை. இந்தியாவில் எழுத்தையும் ஓவியத்தையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்த முன்னோடி, கேலிச்சித்திரக்காரர் சங்கர். 1949-ல் ‘சங்கர்ஸ் வீக்லி’ சார்பில் தொடங்கிய போட்டி அடுத்த ஆண்டே பன்னாட்டுப் போட்டியாகியது. அதற்கெல்லாம் முன்பே, பதினோரு வயதுச் சுப்பையாவின் பாட்டைக் கேட்டுப் ‘பாரதி’ என்று பட்டம் கொடுத்தது எட்டயபுரத்துச் சபை. இளம் கையை அடையாளம் காண்பது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. சுவாமிப் படங்களாலும் காலண்டர்களாலும் தமிழ்நாட்டுப் பூஜையறைகளை நிறைத்த ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனியில் திரை எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கி, உள்ளூர் இளைஞர்களுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

ஆனால் இன்றைக்கு நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள். சுற்றுச்சூழல் காப்போம், நீரின்றி அமையாது உலகு, நான் முதலமைச்சரானால். குறிப்புச்சட்டகம் போட்டு, முன்னுரையில் ஒரு குறள் வைத்து, வழிகாட்டி நூலில் மனப்பாடம் செய்ததை அப்படியே இறக்கிவைக்கிறார்கள். பல வருடங்களாக இத்தகைய தாள்களைத் திருத்திவருகிறேன். பெயரை மறைத்தால் ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் வேறுபாடு தெரியாது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பதில் புத்தகத்தில் இருக்கிற கேள்வியைக் கேட்டால் பிள்ளை புத்தகத்தைத்தான் திறக்கும். வீட்டில் இருக்கிற பெரியவரிடம் மட்டுமே பதில் உள்ள கேள்வியைக் கேட்டால் அவர் பக்கத்தில் போய் உட்காரும். குனோங் ராபாட்டில் நான் பார்த்தது அதைத்தான். எழுத்துப்பிழை நிறைந்த அந்தத் தாள்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் தீப்பெட்டி ஆபீசில் சட்டத்துக்குக் குச்சி அடுக்கியே விரல் தேய்ந்த பாட்டிகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். எத்தனை வயதில் வேலைக்குப் போனார்கள், விடிகாலையில் எந்த வண்டி வந்து ஏற்றிப்போனது, ஒரு சட்டம் நிரப்பினால் என்ன கூலி என்று அவர்களைப் பேரப்பிள்ளைகள் கேட்டதில்லை. டிசம்பர் 11 பாரதி பிறந்தநாள். பள்ளிகள்தோறும் கட்டுரைப் போட்டியும் ஓவியப் போட்டியும் நடக்கும். ஆசிரியர்களுக்கும் தமிழ் மன்றத்துக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இந்த ஆண்டு ஒரு போட்டிக்காவது ‘என் பாட்டி பார்த்த வேலை’ என்று தலைப்புக் கொடுங்கள். பாட்டியையும் அழைத்து வரச் சொல்லி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள்.